நாள் குறிக்கப்படாத காவல்

கம்பம் பள்ளத்தாக்கில் கோழி கூவுமுன்னரே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு அவை மலையேறுகின்றன. காலையில் கேரளத்துக்குள் நுழைந்து, மாலையில் தமிழகத்துக்கே திரும்பிவிடும் நம் தாய்மாருக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவே. அதைக் கடக்கையில் தூக்கத்திலிருந்து விழிக்காதவர்களும் உண்டு.

இதே தேனி மாவட்டத்தில், கண்டமனூர், வடுகபட்டி முதலிய ஊர்களை அடுத்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதத்தில் சில நாள்கள் அவ்வாறு புறப்பட இயலாது. வருவாய்த் துறையினர் வந்து தலைகளை எண்ணும் நாள்கள் அவை. ‘செக்கிங்’ என்பதே அதற்கு முகாமில் வழங்கும் பெயர். வெள்ளையடிக்கவும் கொத்து வேலைக்கும் வெளியூர் சென்றிருப்பவரும் அன்று வந்து நின்று கையெழுத்திட்டாக வேண்டும். வாராதவரின் உதவித்தொகை நின்றுபோகலாம்; பதிவும் நீங்கலாம். ஒரு நாள் கூலி போயிற்றே என்று அவர்கள் முணுமுணுப்பதைக்கூட நாம் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் பக்கத்தில் வாழ்ந்தும், அவர்கள் எண்ணப்படுவது எந்த நாளில் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இம்முகாம்களுக்கு வாயில் உண்டு, பூட்டு இல்லை. பூட்டும் உள்ள முகாம் ஒன்று திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது. அதைப் பற்றியே இங்குச் சிறிது கூற விரும்புகிறோம். நம் பள்ளத்தாக்குக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

சிறையன்று, எனினும் மதிலுண்டு

அதன் பெயர் சிறப்பு முகாம். நம் மொழியின் ஒரு நல்ல சொல் இவ்வளவு துன்பத்தைச் சுமக்க நேர்ந்தது எவ்வாறோ அறியோம். திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே அது அமைந்துள்ளது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது சிறையன்று. சிறைத்துறைக்கு உரியதும் அன்று. வருவாய்த் துறையைச் சார்ந்த துணை ஆட்சியர் ஒருவர் அதனை நிருவகிக்கின்றார். காவல் துறையினர் காக்கின்றனர். வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலிலும், செங்கல்பட்டிலும், பூவிருந்தவல்லியிலும் முன்னர் இத்தகைய முகாம்கள் இருந்தன.

அயல்நாட்டவர் ஒருவர் இன்ன இடத்திலேயே தங்கியிருத்தல் வேண்டும் என ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளித்தது 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம். வெள்ளையர் நாட்டைவிட்டு அகலுமுன் இயற்றிய கடைசிச் சட்டங்களுள் ஒன்று அது. 2025 செப்டம்பர் முதல் நாளன்று புதிய குடியேற்றச் சட்டம் ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘இவ்விடத்தில் தங்குக’ என்று தாளில் எழுதப்படும் எளிய சொற்கள், நடைமுறையில் மதிலும் இரும்புக் கதவும் ஆகிவிடுகின்றன. கடவுச்சீட்டின்றி வந்தவர், போலி ஆவணத்துடன் பிடிபட்டவர், படகேறி வெளிநாடு செல்ல முயன்றவர், வேறு குற்ற வழக்குகளில் சிக்கியவர் எனப் பலதிறத்தார் உள்ளே இருக்கின்றனர். ஈழத் தமிழரே அல்லாமல் வங்காளதேசத்தினரும் ஆப்பிரிக்க நாட்டினரும் அங்கு வைக்கப்பட்டதுண்டு.

இவர்களுள் பலருக்கு நீதிமன்றம் பிணை வழங்கியிருக்கும். சிலர் தண்டனையையே முழுமையாய் அனுபவித்து முடித்திருப்பர். சிறையிலிருந்து விடுதலை என்ற தாள் கைக்கு வரும். அத்துடன் முகாமில் தங்குமாறு கூறும் ஆணையும் வரும்.

ஒரு நாள் அங்கு எவ்வாறு கழிகிறது?

சிறைக் கைதிக்குச் சிறை உணவு கிடைக்கும். முகாமிலிருப்பவருக்கு நாள்தோறும் ஒரு படித்தொகை தரப்படுகிறது. அதைக்கொண்டு அவர்கள் தாமே சமைத்துக்கொள்கின்றனர். இதைக் கேட்பவர், ‘பரவாயில்லையே, சிறையைவிட நன்றாகத்தான் இருக்கிறது’ எனக் கருதக்கூடும். உள்ளபடியே சமையல்தான் அங்கு நாளின் நடுத்தூண். அரிசி களைவதும், காய் நறுக்குவதும், அவரவர் நாட்டுச் சுவைக்கேற்ப உறைப்பைக் கூட்டுவதும் ஓரிரு மணி நேரத்தை விழுங்கிவிடும். உண்டபின் பாத்திரம் கழுவுவதிலும் சிறிது நேரம் செல்லும். அதன் பின்னர்?

அதன் பின்னர்தான் முகாம் தொடங்குகிறது எனலாம். சிறையிலே தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு. வேலைக்குச் சிறிதேனும் கூலி உண்டு. நன்னடத்தைக்காகக் கழிவு நாள்கள் உண்டு. இல்லத்தில் சாவோ திருமணமோ நேர்ந்தால் விடுப்புக் கேட்க விதிமுறை உண்டு. எல்லாவற்றினும் மேலாக, அவன் சுவரிலே கீறி எண்ணுவதற்கு ஒரு நாள் உண்டு. ஏழாண்டு எனில் ஏழாண்டு. ஒவ்வோர் இரவும் அந்த ஏழிலிருந்து ஒரு துணுக்குக் கழிகிறது. முகாமிலிருப்பவருக்கு எதிலிருந்து கழிப்பது? அவர் தண்டிக்கப்படவில்லை; ஆதலின் தண்டனைக் காலமும் இல்லை. முடிவு எழுதப்படாத கணக்கில் எத்தனை முறை ஒன்றைக் கழித்தாலும் மிச்சம் குறைவதில்லை. சிறையிலிருந்து முகாமுக்கு வந்தவர்கள், ‘எங்களைச் சிறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பது இதனாலேதான் போலும்.

நோயுற்றால் காவலருடன் மருத்துவமனை செல்லலாம். உறவினர் வந்தால் இசைவு பெற்றுக் காணலாம். வெளி முகாமொன்றில் வாழும் மனைவி, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தேறித் திருச்சிக்கு வருகின்றாள். அவளுக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு; போக்குவரத்துச் செலவு வேறு. வழியில் தம் முகாமின் ‘செக்கிங்’ நாளோடு அது மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘அப்பா எப்போது வீட்டுக்கு வருவார்?’ என்னும் வினாவுக்கு, தண்டனைக் கைதியின் மனைவியால் ஓர் ஆண்டைச் சொல்லிப் பிள்ளையைத் தேற்ற முடியும். இவளால் அதுவும் இயலாது.

வேறு வழியில்லாதபோது உடலையே மனுவாக்குகின்றனர். திருச்சி முகாமில் உண்ணாநோன்புகள் பன்முறை நிகழ்ந்துள்ளன. 2021 ஆகஸ்டில் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றனர். கோரிக்கை பெரும்பாலும் ஒன்றே: எங்களை விடுவியுங்கள், இயலாதெனில் எங்கேனும் அனுப்பிவிடுங்கள்.

ஒரே நாளில் இருவகை விடுதலை

இதனை நாடே கண்டுகொள்ளுமாறு செய்தது 2022ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த அறுவரும் அன்று விடுவிக்கப்பட்டனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அவருடன் மாண்ட மற்றையோரின் குடும்பங்கள் சுமந்த துயரை மறந்து இதனைப் பேசுதல் தகாது. குற்றத்தையும் தண்டனையையும் குறித்து நீதிமன்றங்கள் கூற வேண்டியவற்றைக் கூறி முடித்துவிட்டன. நாம் நோக்குவது, கதவு திறந்தபின் நடந்ததை மட்டுமே.

அறுவருள் இருவர் இந்தியக் குடிமக்கள். அவர்கள் வீடு சென்றனர். சாந்தன், முருகன், இராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் இலங்கையர். அவர்களைத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு சென்றனர். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, ஒரே நாள். வேறுபாடு பிறந்த மண் ஒன்றே.

முப்பத்தோராண்டுக்கும் மேலாகச் சிறையிலிருந்த சாந்தனுக்கு யாழ்ப்பாணத்தில் முதிய தாய் ஒருவர் இருந்தார். அவரைக் காண வேண்டும், அவரது இறுதிக் காலத்தில் உடனிருக்க வேண்டும் என்பதே அவர் மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டது. இராமேசுவரத்திலிருந்து நோக்கினால் கடலுக்கு அப்பால் உள்ள ஊர் அது. பயண ஆவணத்துக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார். 2024 ஜனவரியில் கல்லீரல் நோய் முற்றிச் சென்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிப்ரவரி இறுதியில், நாட்டைவிட்டுச் செல்லும் இசைவு வந்தது. அது வந்து சில நாள்களே ஆகியிருந்த நிலையில், பிப்ரவரி 28 அன்று காலையில் அவர் உயிர் நீத்தார். தாயிடம் சென்று சேர்ந்தது உடலே. எஞ்சிய மூவரும் ஏப்ரல் 3 அன்று இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

அந்த ஓராண்டைப் பெற்றுக்கொண்டவர் எவர்? எந்தச் சட்டத்துக்கு அது தேவைப்பட்டது? விடை கூற ஓர் அலுவலரைச் சுட்டிக்காட்ட இயலாது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. எவரும் கொடியவராய் இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு கொடுமை நிகழக்கூடும் என்பதுதான் இதில் நம்மை அச்சுறுத்துவது.

கடலின் நடுவே ஒரு திடல்

முகாமிலிருந்து ஏன் படகேறுகின்றனர் என்று கேட்போர் உண்டு. சோறும் வீடும் தந்தும் நன்றியில்லையே என்பாரும் உண்டு. கற்றும் அரசுப் பணிக்கு மனுச் செய்ய இயலாத இளைஞன், நிலம் வாங்க இயலாத தந்தை, கடவுச்சீட்டுப் பெற இயலாத செவிலி ஆகியோரிடம் தரகன் ஒருவன் வந்து கனடா என்கின்றான். நகையை விற்றுப் பணம் கட்டுகின்றனர். கரையிலேயே பிடிபடுவோருக்குக் காத்திருப்பது சிறையும் சிறப்பு முகாமும்.

2021ஆம் ஆண்டு அவ்வாறு தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நாடிப் புறப்பட்ட படகொன்று இந்துமாப் பெருங்கடலில் பழுதுற்றது. அதிலிருந்த 89 தமிழரையும் அக்டோபர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படையினர் மீட்டு, தியகோ கார்சியா என்னும் தீவில் இறக்கினர். அவருள் சிறுவர் 16 பேர். நம் தமிழக முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களும் உண்டு. படைத்தளத் தீவாதலால் அங்கு நகரும் இல்லை, சந்தையும் இல்லை. ஒரு காற்பந்துத் திடலளவே உள்ள வேலியிட்ட இடத்தில் கூடாரங்கள் அடித்துத் தங்கவைத்தனர். கூடாரங்களுக்குள் எலிகள் நுழைந்தன. வேலிக்கு வெளியே நீலக் கடலும் தென்னை மரங்களும். வரைந்து காட்டினால் விடுமுறைத் தீவு என்றே எண்ணத் தோன்றும்.

சில கிழமைகள் என்று தொடங்கியது மூன்றாண்டுகள் ஆயிற்று. அங்கும் தற்கொலை முயற்சிகள், அங்கும் உண்ணாநோன்புகள். 2024ஆம் ஆண்டு நீதிபதி ஒருவர் தீவுக்கே சென்று கூடாரங்களைக் கண்டு விசாரித்தார். அவ்வாண்டு டிசம்பரில் எஞ்சியிருந்தவரில் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதே மாதம் 16ஆம் நாள் வெளியான தீர்ப்பு, அவர்களை அங்கு அடைத்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என உரைத்தது. தியகோ கார்சியாவில் எலிகள் இருந்தன என்பதன்று செய்தி. திருச்சியில் நிகழ்ந்ததே, வேறொரு கொடியின் கீழ், வேறொரு மொழியில் நிகழ்ந்தது என்பதே செய்தி.

நம் பாட்டனார் சென்ற வழி

முல்லைப் பெரியாற்று அணை 1895இல் நிறைவேறுமுன் இப்பள்ளத்தாக்கு இன்றுபோல் நெல்லும் திராட்சையும் விளைந்த பூமியன்று. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சம் மதுரைச் சீமையை எவ்வாறு சூறையாடிற்று என்பது முதியோர் வழிவழியாய்க் கூறிய கதை. தேனி அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. அச்சீமையிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் மண்டபம் வழியே சென்றனர். மண்டபத்தில் அவர்களை முகாமில் தடுத்துவைத்து, தொற்றுநோய் உண்டா எனச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். அதுவும் ஒரு முகாம்தான். ஆனால் நாள் கணக்கு இருந்தது.

1964 அக்டோபர் 30 அன்று சிறீமாவோ, சாத்திரி இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையால், அவர்களின் வழித்தோன்றல்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு உரியவராயினர். திரும்பியோர் பலர், திரும்ப நாள் பார்த்திருந்தோரும் பலர். 1977இலும் 1983இலும் வெடித்த கலவரங்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகேறி, பாட்டன் புறப்பட்ட அதே மண்டபத்தில் வந்திறங்கியோரும் உளர். பாட்டன் இந்தியனாகச் சென்றான். பேரன் அயல்நாட்டவனாக வந்தான். இத்தகைய 65 பேரின் குடியுரிமை மனுக்களைக் கனிவுடன் ஆராயுமாறு 2019இல் மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளை பணித்தது.

நன்மை ஏதும் நடவாமலில்லை. அதையும் கூறுதல் கடமை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 புதிய வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் அதன் பொருளை அறிவர். குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் ஆயிற்று. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என மாறிற்று. 2025இல், 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டிப்பதில்லை என நடுவண் அரசு விலக்களித்தது. சிறை அச்சம் அவர்களைப் பொறுத்தவரை தணிந்தது. ஆயினும் அது குடியுரிமை ஆகாது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆதலால் அகதி என்ற சொல்லுக்கே நம் சட்டத்தில் தனி இடம் இல்லை.

பங்கு அலுவலகத்தின் ஏடு

எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை நாம் ஒவ்வோர் ஆண்டும் குடிலின் அருகே நின்று நினைவுகூர்கிறோம். ஏரோது இறந்த செய்தி வரும்வரை எத்தனை நாள் அங்குத் தங்குவோம் என்பது சூசையப்பருக்கும் தெரியாது. 1980 நவம்பரில் அருள்தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணிக்குழு, தமிழக முகாம்களில் மாலைநேர வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. ஆகஸ்டின் இரண்டாம் ஞாயிறன்று சிறைப்பணிக்காகவும், செப்டம்பரின் இறுதி ஞாயிறன்று குடிபெயர்ந்தோருக்காகவும் காணிக்கை தருகிறோம், செபிக்கிறோம். சிறப்பு முகாமில் இருப்பவர் கைதியும் அல்லர், குடியேறியவராகவும் ஏற்கப்படாதவர். அந்த இரு ஞாயிறுகளுக்கும் இடையே உள்ள நாள்களில் எங்கோ அவர் விழுந்துவிடுகிறார்.

மன்னார்ப் பகுதியிலிருந்து வந்தோருள் கத்தோலிக்கர் பலர். மடு மாதாவின் படத்தைப் படகில் நனையாமல் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் நம் பங்குகளில் திருமுழுக்கும் புதுநன்மையும் பெற்று, நம் பாடகர் குழுவில் பாடுகின்றனர். அவர்களுக்குப் பங்கு அலுவலகத்திலிருந்து தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு சிறு தாள்: திருமுழுக்குச் சான்று. பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் மெய்ப்பிக்கும் தாள்கள் புலம்பெயர்வில் தொலைந்து போனவர்களுக்கு அதன் மதிப்பு நமக்கிருப்பதைவிட மிகுதி. ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்னும் சொல், ‘செக்கிங்’ நாளுக்கு அஞ்சி வாழ்பவரின் காதில் எவ்வாறு விழும் என்பதைப் பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

பிறந்த நாள் எவ்வளவு பொருளுடையது என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. இந்திய மண்ணில் 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பாலே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராய் இருத்தல் வேண்டும். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் பெண்மணி ஒருவர் உயர்நீதிமன்றம் சென்று வாதாடி 2022இல் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். விரலில் மையுடன் அவர் நின்ற படம் நாளிதழ்களில் வந்தது.

அவருக்கு ஓரிரு ஆண்டுகள் பின்னே, அதே மண்டபத்திலோ கண்டமனூரிலோ பிறந்தவர்கள் அன்று வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. அவர்கள் பெயர்களும் நம் பங்குகளின் திருமுழுக்கேடுகளில் உள்ளன. பெயர், பிறந்த நாள், தந்தை, தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், திருமுழுக்களித்த குருவின் கையொப்பம். நாட்டைக் கேட்பதற்காக எழுதப்பட்டதன்று அந்த ஏடு.